மாஸ்டர் பாஸ்வேர்டும் மாற்றுச் சாவியும்

திருவண்ணாமலையிலிருந்து பேசுகிறேன். போன எபிசோடுக்குப் பிறகு கேட்பவர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா எல்லாக் கணக்குகளையும் ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் ஒழுங்காக வைத்திருந்தாராம். பேங்க், இன்ஷூரன்ஸ், கரண்ட் பில், எல்லாமே. இப்போது அப்பா இல்லை. மாஸ்டர் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. "கம்பெனிக்கு எழுதிக் கேட்டா திறந்து கொடுப்பாங்களா சார்?" என்று கேட்டிருந்தார்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் முடியாது. மனசு இல்லாமல் அல்ல, அவர்களாலேயே முடியாது. நல்ல பாஸ்வேர்டு மேனேஜர் என்றால் மாஸ்டர் பாஸ்வேர்டு அதைச் செய்த கம்பெனிக்கே தெரியக் கூடாது. அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்புதான் இந்தக் குடும்பத்துக்குப் பூட்டாகிவிட்டது. இந்த இடத்துக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதுதான் இன்றைய கதை.

கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு என்ற பழக்கத்தை 1960களின் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பு, 1961இல் முதன்முதலாக இயங்கிக் காட்டப்பட்டது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுப் பயன்படுத்துவார்கள். அவரவர் கோப்பு அவரவருக்கு மட்டும் தெரியணும், அதற்காகப் பாஸ்வேர்டு. சரி, எத்தனை நாள் தாங்கியது? 1962இலேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துவிட்டார். பூட்டு வந்த கொஞ்ச காலத்திலேயே கள்ளச்சாவியும் வந்துவிட்டது!

இப்போது 1979க்கு வாங்க. அந்த வருஷம் நவம்பரில், 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' என்ற ஆய்விதழின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் எழுதியது. இன்னொன்று அடி ஷமீர் எழுதியது. நம் கதையின் இரண்டு பாதியும் அந்த ஓர் இதழுக்குள் இருக்கிறது.

மோரிஸும் தாம்சனும் 3,289 பாஸ்வேர்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 2,831, அதாவது 86 சதவீதம், சுலபமாகக் கண்டுபிடிக்கக் கூடியவை. சில ஒரே ஓர் எழுத்து. நிறைய, அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ இருக்கிற சொல். மனுஷன் தன் மனசிலிருந்து தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் தேர்ந்தெடுப்பான் என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

நம்ம ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்க. இங்கே ஒருவரை பாஸ்வேர்டு வைக்கச் சொன்னால் என்ன வரும்? அண்ணாமலையார் பெயர், பின்னாடி ஒரு 123. இல்லை, கிரிவலம் என்று போட்டு அதன் தூரமான 14. கொஞ்சம் யோசிக்கிறவர் இன்னும் நீளமாகப் போவார்: கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களை வரிசையாகப் போட்டால் என்ன? இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன். எட்டுச் சொல், நீளம் ஏராளம். ஆனால் ரகசியம் எவ்வளவு? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பௌர்ணமிக்கு வருகிற லட்சக்கணக்கான பேருக்கும் தெரிந்த வரிசை அது. பாஸ்வேர்டின் பலம் அதன் நீளத்தில் மட்டும் இல்லை. அதே நீளத்தில் வேறு எத்தனை விதமாக அது இருந்திருக்க முடியும் என்பதில்தான் இருக்கிறது.

அதனால்தான் 1995இல் ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் என்பவர் தேர்வை மனுஷன் கையிலிருந்தே பிடுங்கிவிட்டார். டைஸ்வேர் என்று பெயர். பகடையை ஐந்து முறை உருட்டினால் ஓர் ஐந்து இலக்க எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு நேரே பட்டியலில் இருக்கிற சொல்லை எடுத்துக்கொள்ளணும். ஆறை ஐந்து முறை பெருக்கினால் 7,776. பட்டியலிலும் அத்தனை சொற்கள்தான். லூடோ ஆடுகிற பகடை போதும். தாயக்கட்டை வேண்டாம், அதற்கு ஆறு முகம் கிடையாது.

கணக்கு என்ன சொல்கிறது? திருடனின் இயந்திரம் விநாடிக்கு லட்சம் கோடி முறை ஊகிக்கிறது என்று வைப்போம். நான்கு சொல் எடுத்தால் எல்லா வாய்ப்பையும் பார்த்து முடிக்க அதற்குச் சுமார் ஒரு மணி நேரம். ஆறு சொல் எடுத்தால் சுமார் 7,000 வருஷம். இரண்டே சொல்தான் வித்தியாசம். நல்ல மேனேஜர்கள் ஒவ்வொரு ஊகத்தையும் வேண்டுமென்றே மெதுவாக்குவதால் நிஜத்தில் இன்னும் அதிகமாகவே ஆகும்.

"மூணு தடவை தப்பா போட்டா லாக் ஆயிடுமே, அப்புறம் எதுக்கு இவ்வளவு?" என்று கேட்கலாம். 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகல்களே திருடு போயின. நகல் கையில் இருந்தால் லாக் ஆவதற்கு அங்கே யாரும் இல்லை. திருடன் வீட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்காக முயலலாம். அந்த நேரத்தில் நடுவில் நிற்பது உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்றுதான்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாழை, மழை போன்ற சொற்களை நாம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி அடிப்போம். ஒரு எழுத்து மாறினாலும் பெட்டகம் திறக்காது. ஒரே ஸ்பெல்லிங்கை முடிவு பண்ணி, அதை அப்படியே தாளில் எழுதிடுங்க.

தாளிலா? ஆமாம், தாளில். இங்கேதான் அந்த இதழின் இரண்டாவது கட்டுரை வருகிறது.

ஷமீர் ஒரு பழைய கணிதப் புதிரோடு தொடங்குகிறார். பதினொரு விஞ்ஞானிகள், ஒரு பெட்டி. ஆறு பேர் சேர்ந்தால்தான் திறக்கணும், ஐந்து பேரால் முடியக் கூடாது. சாதாரணப் பூட்டு போட்டால் 462 பூட்டு வேண்டும், ஆளுக்கு 252 சாவி! அவர் சொன்ன வழி, பள்ளிக்கூடக் கணக்கு. ஒரு புள்ளி வழியாக எத்தனை நேர்க்கோடு வேண்டுமானாலும் போடலாம். இரண்டு புள்ளி இருந்தால் ஒரே கோடுதான். ரகசியத்தை ஒரு கோட்டுக்குள் ஒளித்துவைத்து, மூன்று பேருக்கு ஆளுக்கொரு புள்ளி கொடுங்கள். எந்த இரண்டு பேர் சேர்ந்தாலும் ரகசியம் கிடைக்கும். தனியாக ஒருவரிடம் இருப்பது வெறும் புள்ளி. ஒருவர் தொலைத்தாலும் நஷ்டமில்லை.

கோயில் ஊர்க்காரர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. உண்டியலை யாராவது ஒருத்தர் தனியாகத் திறந்து பார்த்திருக்கிறோமா? இங்கே பௌர்ணமி முடிந்ததும் அதிகாரிகள், கோயில் தரப்பு, எண்ண வந்தவர்கள் எல்லோர் முன்னிலையிலும் திறந்துதான் எண்ணுவார்கள். ஒருவர் கையில் முழு அதிகாரம் இருக்கக் கூடாது, ஒருவர் வராவிட்டால் வேலை நிற்கவும் கூடாது.

ஆனால் மாற்றுச் சாவி வைத்தால் மட்டும் போதுமா? ஒடிசாவின் பூரி ஜகந்நாதர் கோயிலைப் பாருங்கள். அங்கே ரத்ன பண்டார் என்ற நகைக் கருவூலம் இருக்கிறது. 2018 ஏப்ரலில் அதை ஆய்வு செய்யப் போன குழு, உள் அறையைத் திறக்காமல் வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. உள் அறையின் சாவியைக் காணோம் என்பது பிறகு வெளியே வந்து பெரிய விவகாரமானது. ஜூன் மாதம் கலெக்டர் அலுவலக ஆவண அறையில் ஒரு உறை கிடைத்தது, மாற்றுச் சாவி என்ற குறிப்போடு. அப்பாடா என்றுதானே நினைப்போம்? 2024 ஜூலை 14 அன்று உள் அறையைத் திறக்கப் போனபோது கையிலிருந்த சாவிகள் பூட்டுகளுக்குச் சேரவில்லை. கடைசியில் பூட்டுகளை உடைத்துத்தான் திறந்தார்கள்.

இரும்புப் பூட்டை உடைக்கலாம். ஆறு சொல் பூட்டை உடைக்க முடியாது. நமக்கும் பூரிக்கும் அதுதான் வித்தியாசம். போட்டுப் பார்க்காத மாற்றுச் சாவி, சாவியே இல்லை.

அதனால் இன்றைக்கே செய்யக் கூடியதைச் சொல்கிறேன். ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த மேனேஜர், எந்த ஈமெயில், மாஸ்டர் பாஸ்வேர்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடு. உறையில் போட்டு ஒட்டி, பேங்க் லாக்கரிலோ நம்பிக்கையான ஒருவரிடமோ வையுங்கள். புத்திசாலித்தனமாக ஆறு சொல்லை மூன்று மூன்றாகக் கிழித்து இரண்டு பேரிடம் கொடுக்காதீர்கள். மூன்று சொல் கையில் இருப்பவருக்கு மீதி மூன்றைக் கண்டுபிடிக்க, முன்னே சொன்ன வேகத்தில், அரை விநாடி போதும். ஷமீர் புள்ளி கொடுத்தது அதற்காகத்தான். சில மேனேஜர்களில் அவசர அணுகல் என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் குறிப்பிட்டவர் கேட்டு, சொன்ன நாட்களுக்குள் நீங்கள் மறுக்காவிட்டால், அவருக்குத் திறக்கும். உயிரோடு இருக்கும்போதே அதை அமைத்துவிட வேண்டும்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்று, சுத்தியலையும் அரிவாளையும் எடுத்துத் துடைக்கிறோம் இல்லையா? அன்றைக்கு இந்த உறையையும் பிரியுங்கள். ஞாபகத்திலிருந்து அடிக்காமல், தாளைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்துத் திறந்து பாருங்கள். பிறகு புது உறையில் ஒட்டுங்கள்.

கேள்வி அனுப்பிய நண்பருக்கு: அப்பாவின் போனை சார்ஜ் இறங்காமல் வைத்திருங்க, எதையும் லாக்அவுட் பண்ணாதீங்க. மேனேஜர் ஏதாவது ஒரு கருவியில் திறந்தே இருந்தால், உள்ளே இருப்பதை முதலில் எழுதி எடுத்துக்கொள்ளுங்க. அவர் மேஜை டிராயர், டைரி, பழைய செக் புக் உறை எல்லாம் பாருங்க. எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் பணம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பேங்க்கிலும் இன்ஷூரன்ஸிலும் இறப்புச் சான்றிதழோடு நாமினியோ வாரிசோ போய்க் கேட்கலாம். அலைச்சல் உண்டு, ஆனால் கதவு உண்டு. பெட்டகத்துக்குள் மட்டுமே இருந்த குறிப்புகளுக்குத்தான் வேறு கதவு இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.