ஊசி மாத்தினா மட்டும் போதுமா?

கல்யாணம், கோயில் திருவிழான்னா குழாய் ஸ்பீக்கர் கட்டி இசைத்தட்டு போட்ட மைக் செட் காலம். சத்தம் மங்கினால் முதல் சந்தேகம் ஊசி மேலதான். நியாயம்தான். கிராமபோன் எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டியிருந்தது. 1948-இல் எல்பி வந்தது. சபையர், வைர முனைகள் பரவின. முனை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். மாற்றாமல் ஓட்டினால் தட்டின் வரியே பாழ்.

ஆனால் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் முகத்துவாரக்குப்பம் மாதிரி ஊர்களுக்கு இது பாதிக் கதைதான். அந்தக்கால மலிவு விலை கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் இருந்தது ரோஷெல் உப்புப் படிகம். ஊசியின் அதிர்வு அதை வளைக்கும், அதில் மின்சாரம் பிறக்கும். இந்தக் குணத்தை 1880-இல் காட்டியவர்கள் கியூரி சகோதரர்கள். பெயரிலேயே உப்பு இருக்கு பாருங்க! ஈரக்காற்று அதிகமானால் நீரை இழுத்துக் கரையும். சூடு 55 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சிதையும். கடலோர ஈரம், பந்தல் வெயில் ரெண்டுமே அதற்கு எமன்.

பின்னால் வந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் இரண்டையும் தாங்கும். சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு. பரணில் கிடக்கும் பிளேயரை ஓட வைக்க நினைக்கிறவங்க, புது முனைக்குக் காசு கொடுக்கும் முன் உள்ளே இருப்பது படிகமா, செராமிக்கா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள். படிகம் கரைந்திருந்தால் வைர முனை போட்டாலும் பாட்டு வராது.