தேன்கனிக்கோட்டைக் காடுகளும் உண்ணிச்செடியும்: ஒரு களை ஒழிப்பு வரலாறு

உண்ணிச்செடி (லண்டானா கமாரா) அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட முட்புதர்ச் செடியாகும். உன்னிச்செடி என்றும் எழுதப்படுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கும் ஜவளகிரிக்கும் செல்லும் காட்டுச் சாலைகளில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த இதன் பூக்கொத்துகளைக் காணலாம். இச்செடி இங்கே தானாக வந்ததன்று. அழகுக்காகத் தோட்டத்தில் நட்டு வளர்க்கக் கொண்டுவரப்பட்டது.

தோட்டத்திலிருந்து காட்டுக்கு

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே நாற்றங்கால் வைத்திருந்தவர்கள் பல வகைகளை ஒன்றோடொன்று கலந்து புதிய நிறங்களில் பூக்கும் செடிகளை உருவாக்கினர். ஆகவே இன்று நம் காடுகளில் இருப்பது தூய காட்டுச் செடி அன்று, தோட்டக்காரர்கள் கலந்து உருவாக்கிய வகைகளின் வழித்தோன்றல். எந்த மண்ணிலும் தழைக்கும் இதன் தன்மைக்கு இந்தக் கலப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்த உண்ணிச்செடி, பங்களாக்களின் வேலியாக நாடெங்கும் பரவியது. கால்நடை இதன் இலையை விரும்பித் தின்பதில்லை, தின்றால் நஞ்சாகும். எனவே வேலிக்கு இது ஏற்றதாகத் தோன்றியது. ஆனால் கனியைக் கொண்டைக்குருவியும் மைனாவும் உண்டு விதையை எச்சமிட்டுப் பரப்பின. வேலி போட்டவர்கள் பறவையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சந்தன மரமும் ஒரு சந்தேகமும்

தேன்கனிக்கோட்டைப் பகுதி அன்று சேலம் மாவட்டத்தின் வட பகுதியாக இருந்தது. இக்காடுகளின் பெருஞ்செல்வம் சந்தனம். 1899இல் குடகில் கண்டறியப்பட்ட ஸ்பைக் நோய், சந்தன மரங்களின் இலையைச் சிறுக்கச் செய்து, கிளைகளை முள்போல விறைத்து நிற்க வைத்துப் பின் கொன்றது. நோய் சேலம் காடுகளுக்கும் பரவியபோது காரணம் யாருக்கும் தெரியவில்லை. சந்தனம் பிற செடிகளின் வேரிலிருந்து உணவின் ஒரு பகுதியை உறிஞ்சி வாழும் மரம். அதனால் அதனருகே மண்டிக் கிடந்த உண்ணிச்செடியின் மேலும் சந்தேகம் விழுந்தது. மறுபுறம், முட்புதரின் காப்பில் சந்தனக் கன்றுகள் ஆடுமாடுகளுக்குத் தப்பி வளர்வதைக் கண்ட வனத்துறையினர் அதை நன்மை என்றும் கருதினர். ஒரே செடியைப் பற்றி ஒரே துறைக்குள் இரு கருத்துகள் இருந்தன.

நோயைப் பரப்பும் பூச்சியைத் தேடி, டேராடூன் வன ஆய்வு நிறுவனம் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடகிலும் தேன்கனிக்கோட்டைக்கு அருகிலுள்ள அய்யூரிலும் பூச்சிகளைச் சேகரித்து ஆராய்ந்தது. பூச்சியியல் நூல்களில் சில பூச்சியினங்கள் முதன்முதலில் பிடிக்கப்பட்ட இடமாக அய்யூர் பதிவாகியிருப்பது இதனால்தான். நோய்க்குக் காரணம் பாக்டீரியாவை ஒத்த மிக நுண்ணிய உயிரி என்பது 1969இல் தெரியவந்தது. உண்ணிச்செடி அந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பியது, காட்டிலும் நிலைத்துவிட்டது.

பூச்சியை ஏவிய கதை

களையை ஒழிக்கப் பூச்சியை ஏவலாம் என்ற நம்பிக்கைக்குத் தென்னிந்தியாவிலேயே முன்மாதிரி இருந்தது. ஊர்ப்புறங்களை அடைத்துக்கொண்டிருந்த சப்பாத்திக்கள்ளியின் ஒரு வகை, 1926இல் இலங்கையிலிருந்து வந்த செதிற்பூச்சியால் சில ஆண்டுகளில் பெருமளவு அழிந்தது. உண்ணிச்செடிக்கு எதிராக ஹவாய்த் தீவுகளில் 1902இலேயே மெக்சிகோப் பூச்சிகள் விடப்பட்டிருந்தன.

வேளாண்மைத் துறையின் பூச்சியியலாளர் ஒய். இராமச்சந்திர ராவ், 1916 முதல் 1919 வரை இந்தியாவிலும் பர்மாவிலும் உண்ணிச்செடியில் வாழும் பூச்சிகளை ஆராய்ந்து 1920இல் அறிக்கை வெளியிட்டார். உள்நாட்டுப் பூச்சிகளில் இதை அடக்கக்கூடியது எதுவும் கிடைக்கவில்லை. 1921இல் ஹவாயிலிருந்து இதன் காயைத் தாக்கும் ஒரு சிறு ஈ வரவழைக்கப்பட்டது. அதனாலும் செடி குறையவில்லை. 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூனுக்கு வந்த ஒரு நாவாய்ப்பூச்சி, சோதனையில் தேக்குப் பூவையும் தின்னக்கூடும் எனத் தெரிந்ததால் வெளியே விடப்படவில்லை, வளர்த்தவை அழிக்கப்பட்டன. ஆனாலும் அது எப்படியோ தப்பி வெளியேறி நாடெங்கும் பரவியது. உண்ணியின் இலையைச் சுருக்குகிறது, செடியைக் கொல்வதில்லை. கள்ளியில் கிடைத்த வெற்றி உண்ணியில் கிடைக்காமல் போனதற்கு அதன் பல்வேறு கலப்பு வகைகளும் ஒரு காரணம் என்பர்: ஒரு வகையைத் தின்னும் பூச்சி இன்னொன்றைத் தொடுவதில்லை.

வெட்டும் தீயும்

வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல தளிர்கள் கிளம்பும். கடுந்தீ எரிந்தாலும் வேர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் காவிரிக்கு அப்பாலுள்ள பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர்கள் வேறொன்று சொல்கின்றனர். ஆண்டின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் மெல்லிய தீயை அவர்கள் காலங்காலமாக வைத்துவந்தனர். அது இளஞ்செடிகளைக் கருக்கியது. 1974இல் அப்பகுதி சரணாலயமானபின் அந்த வழக்கம் தடைபட்டதும் உண்ணி பெருகியது என்பது அவர்கள் கருத்து. ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்துள்ளனர். அலட்சியப்படுத்தத்தக்க கருத்து இதுவன்று என்றே தோன்றுகிறது.

தேன்கனிக்கோட்டைக்கு இது யானைப் பிரச்சினையும் ஆகும். கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேருகட்டாவிலிருந்து ஜவளகிரி, நொகனூர் காடுகளுக்கு யானைக் கூட்டங்கள் வருகின்றன. உண்ணி மூடிய இடத்தில் புல் முளைப்பதில்லை. யானைகள் வயலில் இறங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. காட்டில் மேய்ச்சல் குறைவது அவற்றில் ஒன்று. 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதால் காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு கூடியது. சட்டத்தால் புல் முளைத்துவிடாது.

வேரோடு புரட்டுதல்

டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு வகுத்த முறை எளிமையானது. மண்ணுக்குச் சற்றுக் கீழே முதன்மை வேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகப் போட வேண்டும். வேர்க்கட்டை மீண்டும் மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். பின்னர் பறவைகள் அமரும் மரங்களின் அடியில் முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்கி, வெற்றிடத்தில் உள்நாட்டுப் புல்லை வளர்க்க வேண்டும். பல இடங்களில் கைவிடப்படுவது இந்தக் கடைசிப் பகுதியே. வெட்டுவதற்கு நிதி ஒருமுறை வருகிறது. பின்பார்ப்புக்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும்.

வெட்டிய குச்சியும் வீணாவதில்லை. மாதேஸ்வரன் மலையில் சோலிகர்கள் அதை வேகவைத்துப் பட்டை உரித்து நாற்காலி செய்கின்றனர். கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் அதில் செய்த ஆளுயர யானை உருவங்கள் 2021இல் இலண்டன் பூங்காக்களில் நின்றன. அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று 2022இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை வெளியிட்டது.

வீட்டுப் புல்தரையில்

ஓசூர் வட்டாரத் தோட்டங்களில் உண்ணியைவிடப் பெருந்தொல்லை தருவது பார்த்தீனியம். 1955இல் புனேயில் கவனிக்கப்பட்ட இக்களையைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. அவ்வண்டு சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று பின்னர் சர்ச்சை எழுந்தது. மழைக்காலத்தில் இலையை நன்றாகவே தின்கிறது. கோடையில் மண்ணுக்குள் உறங்கிவிடுகிறது. எனவே கையே கருவி. பூக்கும் முன், மழை பெய்து மண் இளகிய மறுநாள், கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். வெறுங்கையால் தொட்டால் தோல் அரிப்பு வரும். பிடுங்கிய குழியை வெற்றாக விடாமல் அன்றே அருகம்புல் பதிப்பது நல்லது, ஏனெனில் ஒரே செடி உதிர்க்கும் பல ஆயிரம் விதைகள் வெயில் படும் வெற்று மண்ணுக்காகவே காத்திருக்கின்றன. பூ நிறம் மாற்றிய குட்டை உண்ணிச்செடிகள் இன்றும் நாற்றுப் பண்ணைகளில் தொட்டியில் விற்கப்படுகின்றன.