அரைப்பேரும் ஒரு பரிசோதனையும்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவதற்கென இலங்கையில் வெல் வுமன் கிளினிக்குகள் 1996இல் ஆரம்பிக்கப்பட்டன. 35 வயதை எட்டிய பெண்களுக்குப் பப் பரிசோதனை, அதுவும் இலவசமாக. ஜோர்ஜ் பப்பனிகொலாவ் தமது மனைவியையே பல்லாண்டுகள் பரிசோதித்து வளர்த்தெடுத்து, 1943இல் நூலாக வெளியிட்ட முறை அது. சில நிமிடங்களே எடுக்கும்.

"பெண்கள் வருவதில்லை" என்ற குறையைச் செய்தியாளனாக நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எப்படி வருவர்? கிளினிக் நடப்பது வேலைநாளின் காலைப்பொழுதில். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் விழும் மலையகத் தோட்டத்திலும், 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்தின் தையல் வரிசைகளிலும் அந்தச் சில நிமிடங்களின் விலை ஒரு நாட் சம்பளம். நோவே தெரியாத உடம்புக்காக எவர் அதனை இழப்பார்? அறியாமை என்று எழுதிவிடுவது சுலபம். சம்பளம் வெட்டாமல் வேலைத்தலத்திலேயே பரிசோதிக்க நிர்வாகங்கள் இடங்கொடுத்தனவா என்பதையே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

2017இல் பாடசாலை மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி வந்தது. அவர்களின் தாய்மார் அவ்வயதை எப்போதோ கடந்துவிட்டவர்கள்.