சுயநிர்மாண விமான மின்னிணைப்பு

சுயநிர்மாண விமான மின்னிணைப்பு என்பது, ஆர்வலர் தம் கைப்படக் கட்டும் சிறு ஆகாய விமானத்தில் பேட்டரி, மின்னாக்கி, ஸ்டார்ட்டர் மோட்டார், கருவிப் பலகை ஆகியவற்றைக் கம்பிகளால் பிணைக்கும், பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்கும் அமைப்பாகும். 1953இல் அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் தோன்றியபின் இவ்வகை விமானங்கள் பெருகின.

பேட்டரியின் நேர்முனைக்கு வெகு அருகில் அமையும் மின்காந்த ஸ்விட்சே இதன் பிரதான அங்கம். புகை எழும் அபாய வேளையில் ஒரே விசையால் பேட்டரியைத் துண்டிக்க விமானிக்கு வழிசெய்வது அதுவே. பேட்டரியின்றித் தானே தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் மேக்னெட்டோ பொருத்திய எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கையில், களிம்பேறிய ஒரு முனையின் 0.01 ஓம் தடையே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆதலால், பெட்டாலிங் ஜெயாவை அடுத்த சுபாங் போன்று வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் நீங்காத விமானத்தளங்களில், முனைகளைத் துலக்கி இறுக்குவது அலட்சியத்துக்குரிய காரியமன்று. உலோக உடல் மின்சாரம் திரும்பும் பாதையாக உதவுகிறது. மலாக்காவில் ஆலையில் உற்பத்தியான ஈகிள் 150 போன்ற கூட்டிழை விமானங்களின் உடலை அவ்வாறு நம்பவியலாமையால், சாதனங்களுக்குத் தனித் திரும்புகம்பிகள் அவசியமாகின்றன. பேட்டரியைக் கழற்றுகையில் எதிர்முனையை முதலிலும், பூட்டுகையில் அதனையே கடைசியிலும் கையாள வேண்டும்.