கரிக்காடியும் கன்றும்: தென் திருவிதாங்கூரின் தாழ்ச்சிமொழி குறித்து ஒரு மறுவாசிப்பு

தம்மையும் தம் உடைமைகளையும் தாமே இழித்துச் சொல்லும்படி மக்களைக் கட்டாயப்படுத்திய ‘ஆசாரமொழி’ பற்றிய பேச்சு பெரும்பாலும் சாமுவேல் மட்டீரின் ஒரு பத்தியிலிருந்தே தொடங்குகிறது. லண்டன் மிஷன் போதகரான அவர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில், அடிமைச் சாதியாக நடத்தப்பட்ட புலையர் ‘நான்’ எனச் சொல்லக்கூடாது, ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும் என்கிறார். சோறு அவர்களுக்குக் கரிக்காடி, வீடு மாடம் (குடிசை), பிள்ளைகள் குரங்குகள் அல்லது கன்றுகள். பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். பொழியூர்க் கடற்கரை முதல் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையிலான தமிழும் மலையாளமும் கலந்த நிலப்பகுதிக்கு இது அந்நியமான செய்தி அன்று.

மட்டீர் கண்டதை நான் மறுக்கவில்லை. கண்டவற்றை அவர் அடுக்கிய முறையைத்தான் மறுக்கிறேன். ‘அடியன்’, ‘கரிக்காடி’, ‘கன்று’ ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, எல்லாம் புலையரின் இழிநிலைக்குச் சான்று என்று அவர் நிறுத்திவிடுகிறார். இதனால் இரண்டு பிழைகள் நேர்கின்றன. முதலாவது, இம்மொழி ஒரு சாதியின் மொழியாகத் தோன்றிவிடுகிறது. உண்மையில் இது ஏணிமொழி. நம்பூதிரியிடமும் அரசரிடமும் பேசும் நாயரும் தம் வீட்டைக் ‘குப்பமாடம்’ என்றுதான் சொன்னார். வில்லியம் லோகன் 1887இல் வெளியிட்ட ‘மலபார்’ நூலில், குடியிருப்பவரின் சாதிக்கேற்ப வீட்டின் பெயர் சாளை, புரை, குடி, வீடு, இடம், இல்லம், மனை, கோவிலகம் என மாறுவதைப் பட்டியலிடுகிறார். லோகன் எழுதியது வடக்கைப் பற்றி என்பதால் அதை அப்படியே நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் திருவிதாங்கூர் அரசரின் இறப்பு ‘நாடுநீங்கல்’, உறக்கம் ‘பள்ளிக்குறுப்பு’, உணவு ‘அமிர்தேத்து’ என்று உயர்த்திச் சொல்லப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், ஏணியின் இரு முனைகளும் இங்கும் இருந்தன என்பது தெளிவு.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. கரிக்காடியை மட்டீர் ‘அழுக்குக் கஞ்சி’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் தருகிறார். இந்த வட்டாரத்தில் மாடு வளர்த்த எந்த வீட்டிலும் ‘காடி’ என்றால் என்னவென்று தெரியும். அரிசி கழுவிய நீரும் மிஞ்சிய கஞ்சியும் சேர்த்துத் தொழுவத்தில் வைப்பது அது. மலையாளத்திலும் அதுவே பொருள். அப்படியானால் கரிக்காடியைக் குடிப்பவரின் பிள்ளை ‘கன்று’ ஆவது தற்செயலா? உணவின் பெயரும் பிள்ளையின் பெயரும் ஒரே தொழுவத்திலிருந்து வந்திருக்கின்றன என்பதே என் வாதம். நிலத்தோடு சேர்த்து ஆட்களையும் விற்ற ஒரு சமூகம், அவர்களைக் கால்நடைக் கணக்கில் வைத்திருந்ததை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தது. ‘அழுக்கு’ என்ற மொழிபெயர்ப்பு இந்தக் கொடுமையின் கூர்மையை மழுங்கடித்துவிட்டது.

இவ்வாதத்தின் பலவீனங்களும் உண்டு. ‘குரங்கு’ இத்தொழுவத்தில் அடங்காது. நாயரும் தம் உணவைக் கரிக்காடி என்று சொன்ன வழக்கு உண்டு. அங்கே நிலத்தோடு விற்கப்பட்டவர் என்ற விளக்கம் பொருந்தாது. மேலே பணிவாகத் தொடங்கிய சொல் கீழே இறங்கும்போது ‘கன்றோடு’ சேர்ந்து இறுகியது என்று கருதுகிறேன். இதற்கு நேரடிச் சான்று என்னிடம் இல்லை.

‘அடியன்’ இவற்றிலிருந்து வேறான அடுக்கு. அது பக்தி மொழியின் பழஞ்சொத்து. மாணிக்கவாசகர் தம்மை நாய் என்றே சொல்லிக்கொண்டவர். 1750இல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்த திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மர் ‘ஸ்ரீபத்மநாபதாசர்’ ஆனார். அரசருக்கு அந்தத் தாழ்ச்சி மகுடமாயிற்று. ஆனால் பக்தர் தம்மைத்தான் தாழ்த்திக்கொள்கிறார். தம் குழந்தையைக் குரங்கு என்று சொல்லும்படி எந்தத் தெய்வமும் கேட்கவில்லை. ‘அடியன்’ பணிவிலிருந்து வந்திருக்கலாம். ‘கன்றோடு’ சேர்ந்து இறுகிய ‘கரிக்காடி’ வெறும் பணிவாக இருக்கவே முடியாது.

இந்த இடத்தில் ஒரு செப்பேட்டை நின்று பார்க்க வேண்டும். பொழியூருக்குக் கிழக்கே முஞ்சிறை அருகிலுள்ள பார்த்திபசேகரபுரத்தில், கி.பி. 866இல், ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் விஷ்ணு கோயிலும் தொண்ணூற்றைந்து சட்டருக்கான (வேதம் கற்கும் மாணவருக்கான) சாலையும் நிறுவினான் என்கிறது அது. காந்தளூர்ச் சாலையின் மரியாதையை, அதாவது நடைமுறையை, பின்பற்றி அமைந்த அச்சாலையின் விதிகளில், ஒரு சட்டர் இன்னொரு சட்டரை இழித்துப் பேசினால் தண்டம் உண்டு. மட்டீருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இதே மண்ணில், இழிசொல் குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. இதைச் சமத்துவத்தின் சான்றாகக் கொண்டாடுவது தவறு. தண்டம் சட்டருக்கும் சட்டருக்கும் இடையில்தான். சாலைக்கு உழுதவரை இழித்துப் பேசியவருக்கு அந்த விதி பொருந்தாது. சொல்லால் ஒருவரைக் காயப்படுத்த முடியும் என்பதை நன்கறிந்தவர்கள், அந்தக் காயத்திலிருந்து காக்கப்பட வேண்டியவர் யார் என்பதற்கும் எல்லை வகுத்திருந்தார்கள். ஆசாரமொழியின் விதை அந்த எல்லையில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் 866க்கும் 1871க்கும் இடைப்பட்ட தொலைவை ஒரு செப்பேட்டைக் கொண்டு தாண்ட முடியாது. ‘அடியன்’ எந்த நூற்றாண்டில் விருப்பத்திலிருந்து கட்டாயமாயிற்று என்பதை உறுதியாகச் சொல்ல வழியில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசு ஒருமுகப்பட்டபோது அது இறுகியிருக்கலாம் என்பது ஊகமே.

ஆசாரமொழியின் முடிவுக் காலமும் தெளிவாக இல்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் ஒழிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழித்தும் மட்டீர் இச்சொற்களை நிகழ்கால வழக்காகவே பதிவு செய்கிறார். ஆகவே அரச விளம்பரங்களில் இதன் முடிவைத் தேடுவது வீண். பள்ளிக்கூடங்களிலும் வயல்களிலும்தான் தேட வேண்டும். அன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் புலையர் தலைவர் அய்யங்காளி, பஞ்சமி என்ற புலையச் சிறுமியை அழைத்துச் சென்றார். அந்தப் பள்ளி தீக்கிரையானது. இது 1910 என்பாரும் உண்டு, 1914 என்பாரும் உண்டு. ‘கன்று’ என்று சொல்லப்பட்டவள் ஒரு பெயரோடு பள்ளிப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பதே அங்கு எழுந்த கோரிக்கை. அதற்கு வந்த பதில் தீ என்பதால், இச்சொற்களின் உயிர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அற்றுப்போகவில்லை என்று கொள்வதே பொருத்தம்.