ஸ்டௌனிங்கின் வீட்டில் ஓர் இரவு

1933 ஜனவரி 30 என்ற தேதியைச் சொன்னதும் வரலாறு படிப்பவர்களுக்கு நினைவில் எழுவது பெர்லின். முதுமையடைந்த குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அன்றுதான் ஹிட்லரை ஜெர்மனியின் சான்சலராக நியமித்தார். அன்றிரவு தீப்பந்தங்களோடு நகர்ந்த ஊர்வலத்தைப் பற்றி எத்தனையோ நூல்களில் படித்திருக்கிறோம். அதே தேதியில், அங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இன்னொரு நிகழ்ச்சி நடந்து முடிந்திருந்தது. அதில் ஊர்வலம் இல்லை, முழக்கம் இல்லை. கான்ஸ்லர்கேடெ என்ற தெருவில் பத்தாம் எண் கட்டடத்தில் இருந்த பிரதமரின் வீட்டில், மூன்று கட்சிகளைச் சேர்ந்த சிலர் இரவு நெடுநேரம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பேச்சு முறியும் நிலைக்குப் போனபோது விருந்தளித்தவர் எடுத்துவைத்த விஸ்கிதான் அவர்களை மீண்டும் உட்காரவைத்தது என்று ஒரு கதை அங்கே இன்றும் சொல்லப்படுகிறது. அந்தத் தெருவின் பெயராலேயே அது 'கான்ஸ்லர்கேடெ உடன்பாடு' என்று அழைக்கப்படுகிறது.

ஒரே நாளில் நடந்த இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசை எவருக்கும் எழும். ஒருபுறம் ஜனநாயகத்தின் வீழ்ச்சி, மறுபுறம் அதன் மீட்சி. ஆனால் அந்த உடன்பாட்டை உருவாக்கிய மனிதரின் வாழ்வை இறுதிவரை பின்தொடர்ந்தால் இந்த ஒப்பீடு அவ்வளவு எளிதாக நம்மை விட்டுவிடுவதில்லை.

அந்த மனிதர் தோர்வால்ட் ஸ்டௌனிங். 1873இல் கோபன்ஹேகனில் ஓர் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, தொழிற்சங்கத்தின் வழியாக அரசியலுக்கு வந்தவர். 1906இல் நாடாளுமன்ற உறுப்பினர், 1910இல் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர், 1924இல் அக்கட்சியின் முதல் பிரதமர். அந்த முதல் அமைச்சரவையில் நீனா பாங் என்ற பெண்மணியைக் கல்வி அமைச்சராக்கினார். நீண்ட தாடியும் கனத்த உடலுமாக, ஒரு குடும்பத்தின் மூத்தவர் போன்ற தோற்றம். நாட்டின் தந்தை என்றே பின்னாளில் மக்கள் அவரை எண்ணத் தொடங்கினார்கள்.

ஆயினும் இந்தத் 'தந்தை'யிடம் ஒருபோதும் தனிப்பெரும்பான்மை இருந்ததில்லை. டென்மார்க்கில் 1909க்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் அது வாய்த்ததில்லை. அங்கே நிலவும் மரபு சற்று விசித்திரமானது. ஓர் அரசுக்கு நாடாளுமன்றத்தின் பெரும்பான்மை ஆதரவு இருப்பதாக நிரூபிக்க வேண்டியதில்லை. பெரும்பான்மை அதற்கு எதிராகத் திரளாமல் இருந்தால் போதும். 1901இல் மன்னர் வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்ட மரபு இது. 1920இல் மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் ஓர் அமைச்சரவையைத் தன்னிச்சையாகப் பதவிநீக்கம் செய்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள், தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் அறிவிக்கத் துணிந்தன, மன்னர் பின்வாங்கினார். அதன்பின் எந்த மன்னரும் அந்தத் துணிச்சலைக் காட்டவில்லை. சிறுபான்மை அரசும் கூட்டணி அரசும் அங்கே விபத்துகளல்ல, அன்றாடம். எனவே அந்நாட்டில் தலைமை என்பது ஆணையிடும் திறனைவிட, நாளை யார் தயவு தேவைப்படும் என்பதை இன்றே அறிந்து நடக்கும் திறனாக இருந்தது.

கட்சிகளின் பெயர்களே வெளியாரைக் குழப்பும். 'வென்ஸ்ட்ர' என்றால் இடது என்று பொருள். நடைமுறையில் அது நிலமுடைய விவசாயிகளின் தாராளவாதக் கட்சி. பழைய பிரபுக்களின் வலதுசாரிக் கட்சியை எதிர்த்து உருவான காலத்தில் வந்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அதிலிருந்து 1905இல் பிரிந்து சென்றவர்கள் 'ராடிகல் வென்ஸ்ட்ர'. சிறுவிவசாயிகளும் நகரத்து அறிவாளர்களும் ராணுவச் செலவை வெறுப்பவர்களும் சேர்ந்த கட்சி அது. 1929இல் ஸ்டௌனிங் இந்த ராடிகல்களோடு கூட்டணி அமைத்துத்தான் இரண்டாம் முறை பிரதமரானார். அவ்வாண்டின் இறுதியில்தான் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது.

டென்மார்க் அன்று வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் விற்று வாழ்ந்த நாடு. பெரும்பகுதியை வாங்கியது பிரிட்டன். 1932இல் ஆட்டவா மாநாட்டில் பிரிட்டன் தன் பேரரசுக்கு உட்பட்ட நாடுகளுக்கு வணிக முன்னுரிமை வழங்க முடிவு செய்ததும், டேனிய விவசாயியின் கழுத்தில் கயிறு இறுகியது. பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. நகரங்களில் அந்தக் குளிர்காலத்தில் வேலையின்மைக் காப்பீடு பெற்றிருந்த தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வேலையின்றி இருந்தார்கள். இந்நிலையில் முதலாளிகளின் சங்கம் 20 சதவீத ஊதியக் குறைப்பைக் கோரியது. மறுத்தால் பிப்ரவரி 1 முதல் கதவடைப்பு என்று அறிவித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் தொழிலாளர்கள் தெருவுக்கு வரவிருந்தார்கள்.

கான்ஸ்லர்கேடெயில் பேசப்பட்டது இதுதான். கதவடைப்பைச் சட்டத்தால் தடுக்க ஸ்டௌனிங்குக்கு மேலவையில் ஆதரவு தேவை. அங்கே அவருடைய கூட்டணிக்குப் பெரும்பான்மை இல்லை. கன்சர்வேடிவ் கட்சி வர மறுத்துவிட்டது. எஞ்சியிருந்தது வென்ஸ்ட்ர. அதன் சார்பில் முன்நின்று பேசியவர் ஓலுஃப் கிராக். விவசாயிகளுக்கு வேண்டியது நாணய மதிப்புக் குறைப்பு. அப்போதுதான் அவர்களுடைய வெண்ணெய் லண்டனில் விலைபோகும். ஆனால் அதனால் நகரத்துத் தொழிலாளி வாங்கும் பொருட்களின் விலை ஏறும். ஸ்டௌனிங் ஒப்புக்கொண்டார். ஒரு பவுண்டுக்கு 22.50 குரோனர் என்ற அளவுக்கு நாணயத்தின் மதிப்பு குறைக்கப்பட்டது. விவசாயிகளின் வரிச்சுமையும் கடன்சுமையும் தணிக்கப்பட்டன. பதிலாக, நடப்பிலிருந்த ஊதிய ஒப்பந்தங்கள் ஓராண்டுக்குச் சட்டத்தால் நீட்டிக்கப்பட்டன. கதவடைப்பும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. வேலையற்றோருக்கான பொதுப்பணிகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. சமூக நல அமைச்சர் ஸ்டைங்க நெடுநாளாகக் கையில் வைத்திருந்த சீர்திருத்தத்துக்கு வழி திறந்தது. ஐம்பத்தைந்து சட்டங்களாகச் சிதறிக் கிடந்த நிவாரண முறைகளை நான்கு சட்டங்களாகத் தொகுத்து, உதவி என்பது கருணையல்ல, உரிமை என்று அடித்தளம் இட்ட சீர்திருத்தம் அது. டேனிய நலவாழ்வு அரசின் வரலாறு பேசும் எவரும் இங்கிருந்து தொடங்காமல் இருப்பது கடினம்.

இதில் யாருக்கும் முழு வெற்றி இல்லை. சுதந்திரச் சந்தையை வேதமாகக் கொண்ட கட்சி அரசின் தலையீட்டுக்குத் தலையசைத்தது. தொழிற்சங்கத்தில் வளர்ந்த பிரதமர் வேலைநிறுத்த உரிமையை ஓராண்டுக்கு அடகு வைத்தார். கம்யூனிஸ்டுகள் இதைத் துரோகம் என்றார்கள்.

இதை ஜெர்மனியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1930 மார்ச்சில் அங்கே சமூக ஜனநாயகவாதியான ஹெர்மன் முல்லரின் பெருங்கூட்டணி அரசு கவிழ்ந்தது. அது வைமார் குடியரசில் நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆண்ட கடைசி அரசு. கவிழ்ந்ததன் உடனடிக் காரணம் வேலையின்மைக் காப்பீட்டுத் தொகையை 3.5 சதவீதத்திலிருந்து உயர்த்துவதா என்ற தகராறு. அரை சதவீதத்துக்காக இரு தரப்பும் தத்தம் கொள்கையில் உறுதியாக நின்றன. அதன்பின் ஆட்சி அவசரச் சட்டங்களின் வழி நடந்தது. அதன் முடிவு நமக்குத் தெரியும். டென்மார்க் தப்பியதற்கு அந்த ஓர் இரவு மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. தோற்ற போரின் அவமானம் அதற்கில்லை. கிராமங்களில் கூட்டுறவுப் பால்பண்ணைகளும் மக்கள் உயர்பள்ளிகளும் தலைமுறைகளாகச் சேர்ந்து பேசும் பழக்கத்தை வளர்த்திருந்தன. அந்த இரவு அப்பழக்கத்தின் கனி என்றே கொள்ளலாம்.

இத்தகைய பேரங்களை இலக்கியவாதிகள் பெரும்பாலும் ரசிப்பதில்லை. கார்ல் தியோடர் டிரையரின் 'ஓர்டெட்' திரைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் மூலநாடகத்தை எழுதியவர் காய் முங்க், மேற்கு யூட்லாந்தின் கிராமமொன்றில் பாதிரியாராக இருந்தவர். முப்பதுகளில் அவர் நாடாளுமன்றத்தின் சளசளப்பை இகழ்ந்தார், முசோலினியையும் ஹிட்லரையும் வியந்தார். எண்ணிக்கையால் அல்லாது ஆன்மாவின் வலிமையால் ஆளும் ஒரு மனிதன் வர வேண்டும் என்பது அவர் கனவு. பேரம் பேசும் சுருட்டுத் தொழிலாளியிடம் அவருக்கு என்ன கவர்ச்சி இருந்திருக்க முடியும்? ஆனால் வாக்காளர்களுக்கு இருந்தது. 'ஸ்டௌனிங் அல்லது குழப்பம்' என்ற முழக்கத்தோடு சந்தித்த 1935 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி 46 சதவீத வாக்குகளைப் பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் அக்கட்சி எட்டாத உயரம் அது. டேனிய நாஜிகளுக்குக் கிடைத்தது ஒரு சதவீதம். அப்போதும் ஸ்டௌனிங்குக்குத் தனிப்பெரும்பான்மை இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நீதிக்கதையாக இருந்திருக்கும்.

1940 ஏப்ரல் 9 அதிகாலையில் ஜெர்மன் படைகள் எல்லையைக் கடந்தன. இரண்டு மணி நேரத்துக்குள் டென்மார்க் அடிபணிந்தது. மறுநாளே ஸ்டௌனிங் தன் அரசில் வென்ஸ்ட்ரவையும் கன்சர்வேடிவ் கட்சியையும் சேர்த்துக்கொண்டார். மன்னர், நாடாளுமன்றம், நீதிமன்றம், காவல்துறை எல்லாம் அப்படியே இயங்கின. ஆக்கிரமிப்பாளரோடு ஒவ்வொரு கோரிக்கையாகப் பேரம் பேசி, கொஞ்சம் கொடுத்து மிச்சத்தைக் காப்பது என்பதே கொள்கை. அதாவது கான்ஸ்லர்கேடெயின் கலையே இப்போது பெர்லினை நோக்கித் திருப்பப்பட்டது.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மேல் படையெடுத்தபோது, டேனியக் கம்யூனிஸ்டுத் தலைவர்களைக் கைது செய்யும்படி கோரிக்கை வந்தது. கேட்கப்பட்டதைவிட அதிகமானவர்களை டேனியக் காவல்துறை கைது செய்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களும் தேடப்பட்டார்கள். அரசியலமைப்பில் இதற்கு இடமில்லை. எனவே ஆகஸ்ட் 22 அன்று கம்யூனிஸ்டுக் கட்சியைத் தடைசெய்யும் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்க்கக் கூடியவர்களில் சிலர் சிறையிலும் சிலர் தலைமறைவிலும் இருந்ததால் ஏகமனது. கைதானவர்களில் சுமார் 150 பேர் 1943 அக்டோபரில் ஜெர்மானியரால் ஸ்டுட்ஹோஃப் வதைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் மார்ட்டின் நீல்சன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் ஒருவர்.

ஸ்டௌனிங் அதைக் காணவில்லை. 1942 மே 3 அன்று அவர் பதவியிலிருக்கும்போதே இறந்தார்.

அவரையும் அவர் வழிவந்தவர்களையும் நியாயப்படுத்தும் வாதம் வலுவானது. நேரடி நாஜி ஆட்சி வந்த ஹாலந்தில் யூதர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டார்கள். டென்மார்க்கில் 1943 வரை அவர்கள் மேல் கைவைக்கப்படவில்லை. மஞ்சள் நட்சத்திரம் அங்கே ஒருபோதும் கட்டாயமாக்கப்படவில்லை. 1943 மார்ச்சில், ஆக்கிரமிப்பின் நடுவே, ஒரு பொதுத் தேர்தலே நடந்தது. கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், நாஜிகள் இரண்டு சதவீதத்தோடு நின்றார்கள். கொடுத்துக் காத்தது பலித்தது என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் எதைக் கொடுத்தார்கள்? என் பார்வையில் 1933க்கும் 1941க்கும் உள்ள வேறுபாடு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 1933இல் ஒவ்வொருவரும் விட்டுக்கொடுத்தது தம்முடையதை. ஸ்டௌனிங் விட்டது தம் தொழிலாளர்களின் உரிமையை. அவர்கள் இரண்டு ஆண்டுகளில் வாக்குச்சீட்டால் அவரைத் தண்டித்திருக்க முடியும். 1941இல் அந்த அவை விட்டுக்கொடுத்தது, பேசும் மேசையில் இடமில்லாத சிலரின் சுதந்திரத்தை. செயலின் வடிவம் ஒன்றே: பேச்சு, கணக்கு, நாட்டின் நலன் என்ற காரணம். ஸ்டௌனிங்குக்கே இரண்டும் ஒன்றாகத் தோன்றியிருக்கலாம். வாழ்நாள் முழுதும் சமரசத்தால் நாட்டைக் காத்தவருக்கு, சமரசம் முடியும் இடத்தைச் சுட்டிக்காட்ட அவருடைய அனுபவத்தில் ஏதும் இருந்திருக்காது.

எல்லையை இறுதியில் வரைந்தவர்கள் தலைவர்கள் அல்லர். 1943 ஆகஸ்டில் எஸ்பியர், ஓடென்ஸ முதலிய நகரங்களில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாசவேலைக்கு மரண தண்டனை, வேலைநிறுத்தத்துக்குத் தடை என்று ஜெர்மனி இறுதி எச்சரிக்கை விடுத்தபோது அரசு மறுத்தது. ஆகஸ்ட் 29 அன்று அதன் ஆட்சி முடிந்தது. ஐந்து வாரம் கழித்து யூதர்களைப் பிடிக்கும் நடவடிக்கை தொடங்கியதும், மீனவர்களும் மருத்துவர்களும் பாதிரியார்களும் சேர்ந்து ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் படகுகளில் ஸ்வீடனுக்குக் கடத்தினார்கள். அரசு இல்லாத ஒரு நாடு செய்த காரியம் அது. வலிய தலைவனைக் கனவு கண்ட காய் முங்க், இதற்குள் பிரசங்க மேடையிலிருந்து ஆக்கிரமிப்பை எதிர்க்கும் குரலாக மாறியிருந்தார். 1944 ஜனவரி 4 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தக் கால ஒத்துழைப்பு அறமற்றது என்று 2003இல், அறுபதாம் ஆண்டு நினைவில், பிரதமர் ஆண்டர்ஸ் ஃபோக் ராஸ்முசன் வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் வென்ஸ்ட்ர கட்சிக்காரர். வரலாற்றாசிரியர்களில் ஒரு சாரார், பாதுகாப்பாக அமர்ந்து தீர்ப்பு வழங்குவது எளிது என்றார்கள். விவாதம் முடியவில்லை.

போர் முடிந்த 1945இல், இறையியலாளர் ஹால் கோக் ஜனநாயகம் என்றால் என்ன என்று கேட்டு ஒரு சிறுநூல் எழுதினார். வாக்கெடுப்பு அல்ல, உரையாடலே அதன் சாரம் என்பது அவர் விடை. கான்ஸ்லர்கேடெ வீட்டை நினைத்தால் அவர் சொன்னது சரி என்றுதான் தோன்றுகிறது. 1941இன் நாடாளுமன்றத்தை நினைத்தால் அந்த விடையோடு இன்னொரு கேள்வியும் சேர வேண்டியிருக்கிறது: அந்த உரையாடலிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர் யார்? கூட்டணி அமைக்கத் தெரிந்த ஒவ்வொரு தலைவரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களைத்தான் எண்ணுகிறார்கள். காலியான நாற்காலிகளையும் எண்ண வேண்டும் என்பது ஸ்டௌனிங்கின் வாழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.