ஆர்செனிகம் ஆல்பம் 30

ஆர்செனிகம் ஆல்பம் 30 என்பது வெள்ளைப் பாஷாணம் என்று வழங்கும் ஆர்செனிக் மூவாக்சைடிலிருந்து ஓமியோபதி முறைப்படி தயாரிக்கப்படும் மருந்தாகும். கோவிட்-19 பரவத் தொடங்கிய 2020ஆம் ஆண்டில் இந்திய ஆயுஷ் அமைச்சகம் இதனைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்ததால், அதுவரை ஓமியோபதி மருத்துவரை நாடாத குடும்பங்களுக்குள்ளும் இதன் சர்க்கரை உருண்டைகள் சென்று சேர்ந்தன. கோவிட்-19ஐத் தடுக்கவோ குணப்படுத்தவோ இம்மருந்தால் இயலும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

ஓமியோபதியை உருவாக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் (1755–1843). நலமாக உள்ளவரிடம் ஒரு பொருள் எந்தக் குறிகளைத் தோற்றுவிக்கிறதோ, அதே குறிகளையுடைய நோயாளியை அப்பொருளே குணப்படுத்தும் என்ற கொள்கையை அவர் 1796இல் வெளியிட்டு, 1810இல் ‘ஆர்கனான்’ என்ற நூலில் முறைப்படுத்தினார். அக்காலத்து ஐரோப்பிய மருத்துவர்கள் குருதியை வடித்தும், பாதரசம் கொடுத்தும், கடும் பேதியை உண்டாக்கியும் நோயாளிகளை நலிவித்ததால், உடலுக்குத் தீங்கு செய்யாத ஹானிமனின் முறை பலருக்கு ஆறுதலாக அமைந்தது. அதன் செல்வாக்கு வளர்ந்ததற்கு இது முதன்மையான காரணம் எனலாம்.

மருந்தின் பெயரில் உள்ள 30 என்னும் எண் அதன் வீரியத்தைக் குறிக்கும். மூலப்பொருளின் ஒரு பங்கை 99 பங்கு நீர்க்கச் செய்யும் பொருளுடன் கலந்து, அதனைப் பலமுறை குலுக்கினால் முதல் வீரியம் கிடைக்கும். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்குடன் கலந்து குலுக்கினால் இரண்டாம் வீரியம் கிடைக்கும். இவ்வாறு முப்பது முறை செய்யப்பட்ட கரைசலில் நனைத்த சர்க்கரை உருண்டைகளே கடைகளில் விற்கப்படுகின்றன. ஏறத்தாழ 198 கிராம் ஆர்செனிக் மூவாக்சைடில், வேதியியல் கணக்கின்படி, 6.022 × 10²³ மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் இந்த எண்ணிக்கை நூறில் ஒரு பங்காகக் குறைவதால், அந்த முழு அளவையும் கொண்டு தொடங்கினாலும் பன்னிரண்டாம் படியிலேயே ஒரு மூலக்கூறு எஞ்சுவதும் ஐயத்திற்குரியதாகிவிடும். அதற்கு மேலும் பதினெட்டுப் படிகள் இருக்கின்றன. பொருள் நீங்கிய பின்னும் அதன் ஆற்றல் நீரில் நிலைத்திருக்கிறது என்பது ஓமியோபதியர் கூறும் விளக்கமாயினும், அதனை நிறுவும் வகையில் எந்த ஆய்வக முடிவும் சுயேச்சையான சோதனைகளில் உறுதிப்படவில்லை.

புதிதாகப் பரவும் கொள்ளைநோய்களுக்கென ஓமியோபதியில் தனி வழிமுறை உண்டு. ஓர் ஊரில் அந்நோய் கண்ட பலரின் குறிகளைத் திரட்டி, அவற்றின் தொகுப்புக்குப் பொருந்தும் ஒரே மருந்தைத் தேர்ந்து அனைவருக்கும் வழங்குவதே அது. செங்காய்ச்சலுக்குப் பெல்லடோனாவையும், 1831ஆம் ஆண்டின் காலராவுக்குக் கற்பூரத்தையும் ஹானிமன் பரிந்துரைத்தார். 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சாவில் ஓமியோபதி மருத்துவர்களிடம் சென்றோரில் நூற்றுக்கு ஒருவரே இறந்தனர் என்றும், பிறரிடம் சென்றோரில் 28 விழுக்காட்டினர் இறந்தனர் என்றும் அமெரிக்க ஓமியோபதி இதழ்கள் எழுதிய கணக்கு இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது. அந்நோய் கண்டோரில் இறந்தோர் பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்றே மதிப்பிடப்படுவதால், 28 விழுக்காடு என்பது நுரையீரல் அழற்சி முற்றி மருத்துவமனையில் சேர்ந்தோரின் கணக்காக இருக்கலாமேயன்றி, எல்லா நோயாளிகளின் கணக்காகவும் இருக்க முடியாது. வெவ்வேறு நிலையிலிருந்த இரு கூட்டத்தாரை ஒப்பிட்டு மருந்தின் மதிப்பை அளக்க இயலாது என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

மத்திய ஓமியோபதி ஆராய்ச்சிக் குழுமத்தின் அறிவியல் ஆலோசனைக் குழு 2020 ஜனவரி 28 அன்று கூடி விவாதித்ததையடுத்து, ஆர்செனிகம் ஆல்பம் 30ஐ மூன்று நாள் வெறும் வயிற்றில் நாளொன்றுக்கு ஒருவேளை உட்கொள்ளலாம் என்றும், தொற்று நீடித்தால் ஒரு மாதம் கழித்து மீண்டும் உட்கொள்ளலாம் என்றும் ஆயுஷ் அமைச்சகம் மறுநாள் அறிவித்தது. இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டது ஜனவரி 30 அன்றுதான். நோயாளிகளைப் பார்த்துக் குறிகளைத் திரட்டிய பின்னரே மருந்தைத் தேர வேண்டும் என்பது ஓமியோபதியின் சொந்த விதி. நாட்டில் ஒரு நோயாளியும் அறியப்படாத நிலையில் வெளிவந்த இப்பரிந்துரை அந்த விதிக்கும் பொருந்தவில்லை. ஆயினும் பல மாநிலங்கள் இதனைப் பின்பற்றின. தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ‘ஆரோக்கியம்’ திட்டத்தில் கபசுரக் குடிநீர், நிலவேம்புக் குடிநீர் ஆகியவற்றுடன் இதுவும் இடம்பெற்றது.

இவ்வுருண்டைகளை உட்கொண்டோரில் பெரும்பாலோர் நலமாக இருந்தனர் என்பது உண்மையே. ஆனால் சீனாவில் தொடக்கத்தில் ஆராயப்பட்ட சுமார் 44,000 நோயாளிகளில் 81 விழுக்காட்டினருக்கு நோய் லேசாகவே இருந்தது. எந்த மருந்தும் இல்லாமலேயே பலர் தேறிவிடும் நோயில், மருந்துண்டவர் தேறினார் என்பது மட்டும் சான்றாகாது. ஒத்த நிலையிலுள்ளோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தையும் மறு பிரிவுக்கு மருந்துப்போலியையோ வழக்கமான சிகிச்சையையோ கொடுத்து ஒப்பிட வேண்டும். பிரிட்டனில் இவ்வாறு நடந்த ‘ரிகவரி’ ஆய்வு, விலை மலிவான டெக்சாமெதசோன் செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 2020 ஜூனில் காட்டியது. பெரிதும் பேசப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் அதே ஆய்வில் பயனற்றது எனத் தெரிந்ததும் கைவிடப்பட்டது. எந்த மருத்துவ முறையைச் சேர்ந்த மருந்தாயினும் இந்த அளவுகோல் ஒன்றே. ஆர்செனிகம் ஆல்பம் இந்தச் சோதனைக்கு உட்படுமுன்பே மக்களிடம் சென்றது.

இம்மருந்தால் தீங்கில்லை என்ற கருத்தும் முழுமையானதன்று. முறைப்படி நீர்க்கப்பட்ட உருண்டைகளில் பாஷாணம் இராது என்றாலும், தயாரிப்பில் பிழை நேர்ந்தால் நிலைமை வேறாகும். இதனை உட்கொண்ட மூவருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2022இல் கேரள மருத்துவர்கள் ஓர் ஆய்விதழில் பதிவு செய்தனர். அதைவிடப் பெரிய தீங்கு, தடுப்பு கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் முகக்கவசத்தைத் துறப்பதும், மூச்சுத்திணறல் கண்ட பின்னும் மருத்துவமனை செல்லத் தாமதிப்பதுமே ஆகும்.

ஆயுஷ் மருந்துகளால் கோவிட் குணமாகும் என்ற விளம்பரங்களைத் தடுக்குமாறு அமைச்சகமே 2020 ஏப்ரல் 1 அன்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2020 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசின் வழிகாட்டுதலுக்குட்பட்டுத் தடுப்புக்காகவும் துணைச் சிகிச்சையாகவும் ஓமியோபதி மருந்துகளை வழங்கலாம் என்றும், கோவிட்-19ஐக் குணப்படுத்துவதாக உரிமை கோரக் கூடாது என்றும் வரையறுத்தது.